ஆணியில் தொங்கிய கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக அவளுக்குப் பெயர் 'உள்ளே அக்கா'. கண்ணாடி வாங்க வந்தவர்கள் "இதெல்லாம் யாரு சார் செய்யுறாங்க?" என்று கேட்டால், முதலாளி திரைச்சீலைப் பக்கம் கட்டைவிரலைக் காட்டி "உள்ளே இருக்காங்க" என்பார். அவளுக்குக் கிடைத்த அறிமுகம் அவ்வளவுதான். கடையின் முன்பக்கத்தில் குளிர்சாதனமும் ஆளுயர நிலைக்கண்ணாடியும் உண்டு. பின்பக்கம் சன்னல் இல்லாத ஓர் அறை. அதில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம், சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய், கழுவக் கழுவ நகக்கண்ணை விட்டுப் போகாத வெள்ளைச் சேறு. அங்கே உட்கார்ந்து அவள் விளிம்பு தேய்த்துப் பொருத்திய லென்ஸ் வழியாகத்தான் அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் செய்தித்தாள் படித்தார்கள். மாட்டிப் பார்த்துவிட்டு "பளிச்சுன்னு இருக்கு சார்" என்று முதலாளியிடம் அவர்கள் சொல்வது திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும்.

நாற்பத்திரண்டு வயதில் அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கண் அளக்கவும் கண்ணாடி பொருத்தவும் இரண்டு வருஷப் படிப்பு. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அவளுக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்கக்கூடிய வயது. முதல் தடவை எழுதியே தேறினாள். அப்பா மூட்டை தூக்கியவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவள். அந்தக் குடும்பத்தில் முத்திரை குத்திய தாளில் பெயர் ஏறிய முதல் ஆள் அவள்தான். சான்றிதழுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, பீரோவில் கல்யாணப் புடவைக்கும் மேலே வைத்தாள்.

அதற்கப்புறம் திரைக்குப் பின்னால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொந்தமாகக் கடை போட வேண்டும். நகரத்தில் தெருவுக்கு மூன்று கண்ணாடிக் கடை. நான்காவதாகப் போய் நிற்க அவளுக்கு விருப்பமில்லை. அப்போதுதான் பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவரிடம், கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு சேதி சொன்னார். நகரத்திலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு சின்னக் கடைவீதி. சுற்றி நாலைந்து ஊர். அங்கே பால் சங்கத்தை ஒட்டி ஓர் அறை காலியாக இருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கு வேன் ஓட்டவும் ஆள் தேடுகிறார்கள்.

"அந்தப் பக்கம் கண்ணாடிக் கடை உண்டா?" என்று கேட்டாள்.

"வேணும்னா ஒன்றரை மணி நேரம் பஸ்ல போகணுமாம். கடை ஏன் இல்லைன்னு யோசிச்சியா? யாருக்கும் தேவையில்லைன்னு அர்த்தம்."

"இல்ல, நான் இன்னும் போகலைன்னு அர்த்தம்."

கணவர் சிரித்தார். சிரித்தாலும் அவர் ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்புகிற ஆள் இல்லை. பேரம் பேசினார். "மூணு நாள் லீவு போடுறேன். போய்ப் பாப்போம். மூணாம் நாள் சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்குள்ள பத்துப் பேர் அவங்க வாயாலயே 'எனக்குக் கண்ணாடி வேணும்'னு சொல்லட்டும். மூட்டைய நானே கட்டுறேன். ஒன்பது பேர்னாலும் திரும்பி வந்து முதலாளிக்கிட்ட வாய மூடிட்டு வேலை பாக்கணும். இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"பத்துதானே" என்றாள்.

இந்தப் பேரத்தைப் பேசும்போது அவர் கையில் மின்கட்டணச் சீட்டு இருந்தது. கையை முழுசாக நீட்டி, தலையையும் பின்னுக்குச் சாய்த்துத்தான் அதைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அப்படித்தான். "சாலையில அரை மைல் தள்ளி நிக்கிற மாடு தெரியுது, என் கண்ணுக்கு என்ன குறை?" என்பார். அவளும் விட்டுவிட்டாள். கட்டாயப்படுத்தி மாட்டிவிட்ட கண்ணாடி இழுப்பறையில்தான் தூங்கும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த பாடம்.

போய் இறங்கி, விதைக்கடை மாடியில் ஓர் அறை எடுத்தார்கள். கூடவே கொண்டுவந்த சான்றிதழை அவள் மேசைமேல் சாய்த்து வைத்தாள். முதல் நாள் முழுக்க அவள் பேருந்து நிறுத்தத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். நகரத்தில் அது கைகண்ட வழி. நாற்பதைத் தாண்டியவர்கள் பேருந்துப் பலகையையோ போனையோ எட்டப் பிடித்துப் பார்ப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு கோடு போட்டால் மதியத்துக்குள் பக்கம் நிறைந்துவிடும். இங்கே சாயங்காலம் வரைக்கும் ஒரு கோடுகூட விழவில்லை. பலகையை ஒருவரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பேருந்து வந்தது, ஏறினார்கள், போனார்கள்.

"ஊரு முழுக்கக் கழுகுக் கண்ணு" என்றார் கணவர், காலை நீட்டி உட்கார்ந்து. முகத்தில் அவ்வளவு திருப்தி.

அவள் கோடு விழாத பக்கத்தை மூடினாள். சோப்பு வாங்க மளிகைக் கடைக்குப் போனபோது இன்னொரு கூத்து. கடைக்காரர் சோப்பு உறையில் விலையைத் தேடினார். தேடும்போது வலது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பக்கத்தில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெண்ணும் அதேபோல வலது கண்ணை மூடினாள்.

வெளியே வந்ததும் கணவர் காதோடு சொன்னார்: "உன்னைப் பாத்துக் கண்ணடிச்சான் அந்த ஆளு."

"அந்தம்மா?"

"அது என்னைப் பாத்து."

வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதற்குத்தான்.

இரண்டாம் நாள் காலையில் அறையைப் பார்க்கப் பால் சங்கத்துக்குப் போனார்கள். பால் ஊற்ற முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் சங்கச் செயலாளர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அவர் தலைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் நீளமான கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு மூக்குக்கண்ணாடி.

ஒவ்வொருவராகப் பாலை ஊற்றினார்கள், கயிற்றை இழுத்துக் கண்ணாடியை மாட்டினார்கள், வலது கண்ணை மூடினார்கள், பால் கணக்கு அட்டையில் எழுதியதைச் சரிபார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், கழற்றி அடுத்த ஆளிடம் கொடுத்தார்கள். ஒருத்தி கால்நடை மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து, அந்தக் கண்ணாடி வழியாகப் படித்துவிட்டுப் போனாள். இன்னொருவர் கை முள்ளைக்கூட அங்கேயே நின்று எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய மடத்தனம். நாளுக்கு நாலு பேருந்து வருகிற ஊரில் பலகையை யார் படிப்பார்கள்? வண்டி வளைவில் திரும்பும் சத்தத்திலேயே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள். ஊர்க்காரனாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். கண் வேலை செய்கிற இடத்தை விட்டுவிட்டு, வேலையே இல்லாத இடத்தில் அவள் ஒரு நாளைத் தொலைத்திருந்தாள்.

"அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் குடுங்கண்ணே" என்று வாங்கி, சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மெல்ல இடமும் வலமும் அசைத்தாள். லென்ஸுக்குள் தெரிந்த சன்னல் கம்பி எதிர்ப்பக்கமாக ஓடியது. இடது லென்ஸில் நிதானமாக, வலதில் தலைதெறிக்க. கம்பி ஓடுகிற ஓட்டத்தை வைத்தே பவரைச் சொல்லிவிடுவாள்; பதினெட்டு வருஷக் கை அது.

"இடது ஒன்றரை, வலது மூணு. ரெண்டும் வேற வேற கண்ணாடியோட லென்ஸ். யாரு மாத்திப் போட்டது?"

"நான்தான்" என்றார் செயலாளர், கொஞ்சம் நிமிர்ந்து. "ஒண்ணு உடைஞ்சுது. வேற ஒண்ணு கிடைச்சுது, தேச்சு நானே உக்கார வெச்சேன். பதினோரு வருஷமா ஊரே இதுலதான் கையெழுத்துப் போடுது. ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"குறை சொல்லலண்ணே. ஒரு கண்ண மூடிக்கிட்டாங்க."

எட்டு மாடு வைத்திருப்பதால் எட்டுமாட்டுக்காரி என்று பெயர் வாங்கிய பெண், தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அடப்பாவி மனுசா. கண்ண மூடுனாத்தான் எழுத்து தெரியும்னு என் மருமகளுக்கே சொல்லிக் குடுத்திருக்கேனே." வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது.

செயலாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, இழுப்பறைக்குள் போட்டு, சத்தமில்லாமல் மூடினார். "அறை இப்போதைக்கு இல்லம்மா. சங்கத்துக்கே தேவைப்படுது."

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: "நாக்க ஊருலயே வெச்சிட்டு வந்திருக்கக் கூடாதா நீ?"

"பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லச் சொல்லல. அறைய வாங்கிட்டு உண்மையச் சொல்லியிருக்கலாம்."

பத்துப் பேர் கிடைத்தாலும் இனி கடையை எங்கே போடுவது? அன்று பகலெல்லாம் விதைக்கடை மாடிப்படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோதனை லென்ஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு லென்ஸாகத் துடைத்தாள். துடைக்கத் தேவையில்லாமல்தான் இருந்தன.

மூன்றாம் நாள் விடிந்ததும் படியில் காலடிச் சத்தம். எட்டுமாட்டுக்காரி. பின்னால் மளிகைக் கடைக்காரர், அவருக்குப் பின்னால் மாத்திரை அட்டைக்காரி.

"அந்த ஆளு ரோஷத்துல கண்ணாடிய வெளிய எடுக்க மாட்டேங்கிறாரு. அட்டையில அவரு எழுதுனது அவருக்கே தெரியல. வரிசை நகரவே மாட்டேங்குது" என்றாள் எட்டுமாட்டுக்காரி. "எனக்கு ஒண்ணு போட்டுக் குடு தங்கச்சி. எனக்கே எனக்குன்னு. அடுத்த ஆளுக்குக் குடுக்கத் தேவையில்லாத கண்ணாடி."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் விரலை மடக்கினார்: ஒன்று.

சன்னல் பக்கம் நாற்காலி போட்டாள். கனமான சோதனை ஃப்ரேமை மூக்கில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, விதைப் பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னாள். எட்டுமாட்டுக்காரி பழக்கதோஷத்தில் வலது கண்ணை மூடினாள்.

"திறங்கக்கா. ரெண்டையும்."

திறந்தாள். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு கோடு இருக்கா என் கையில" என்றாள்.

மதியத்துக்குள் எட்டுப் பேர். ஒன்பதாவதாக வந்த பெரியவருக்கு எந்த லென்ஸும் உதவவில்லை. விழிக்குள் பால் கலந்த மாதிரி மங்கல். "இது கண்ணாடியில தீராதுங்க. ஆஸ்பத்திரியில சின்ன ஆபரேசன். அப்புறமா என்கிட்ட வாங்க" என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். கணவர் மடக்கப்போன விரலை நிமிர்த்திக்கொண்டார். "மாட்டிவிட்டிருந்தா ஒன்பது" என்றார்.

"மாட்டிவிட்டா நான் எதுக்குப் படிச்சேன்?"

அவர் கீழே போய் அவளுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்குச் செயலாளர் படியேறினார். கையில் கைக்குட்டைப் பொட்டலம். பிரித்தால் உள்ளே அந்தக் கண்ணாடி. "இத மட்டும் சரி பண்ணிக் குடுத்தா போதும்."

"இது சங்கத்துது. சரி பண்ணித் திரும்ப ஆணியில மாட்டிடலாம். சொந்தக் கண்ணாடிய மறந்துட்டு வர்றவங்க இருப்பாங்கல்ல, அவங்களுக்கு ஆகும்" என்றாள். "உங்க கண்ணுக்கு?"

செயலாளர் படிப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கண்ணையும் திறந்து, பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல், கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற குரலில் வாசித்தார். வாசித்து முடித்துக் கேட்டார்: "நேத்து மாதிரி எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? தனியா சொல்லியிருக்கலாமே."

"தப்புத்தாண்ணே. வேலைன்னு வந்தா நாக்கு முந்திக்குது."

"ம்." எழுந்தவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அறைக்கான ஒப்பந்தம். காலையிலேயே எழுதியிருக்கிறார், எழுத்து மட்டும் கோட்டை விட்டு மேலும் கீழுமாக ஓடியிருந்தது. "கண்ணு தெரியாம எழுதினது. அடித்தல் இருந்தா மன்னிச்சுக்கங்க. எனக்கும் ஒண்ணு வேணும். சொல்லிட்டேன்."

ஒன்பது.

அவர் இறங்கிப் போனதும் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். பையைத் தோளில் மாட்டினார், உடனே இறக்கினார். அவர் முகத்தில் முதல் நாள் இருந்த திருப்தி இல்லை. "ஒன்பதுதான் ஆச்சு" என்றார், தனக்கே பிடிக்காத சேதியைச் சொல்கிற மாதிரி.

"பேச்சுன்னா பேச்சுதான்" என்றாள் அவள், ஒப்பந்தத் தாளை நீட்டி. "கிளம்புறதுக்கு முன்னாடி இத ஒருதடவை படிச்சிடுங்க. திருப்பிக் குடுத்துட்டுப் போகணும்ல."

அவர் தாளை வாங்கினார். கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். தலையைச் சாய்த்தார். வெளிச்சத்துக்குப் போனார். செயலாளரின் கோணல் எழுத்து அசைந்து கொடுக்கவில்லை. அவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கீழே வளைவில் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது.

"கை நீளம் பத்தல" என்றார் கடைசியில்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குற."

"வாயால சொல்லணும்னு பேரம் பேசுனது யாரு?"

கணவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எனக்குக் கண்ணாடி வேணும். போதுமா?"

சோதனை ஃப்ரேமை அவர் மூக்கில் வைத்து, தேடாமலே பெட்டியிலிருந்து இரண்டு லென்ஸை எடுத்துப் போட்டாள். என்ன பவர் என்று இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். அவர் தாளை மடியில் வைத்தே படித்தார். முதல் வரியில் வாடகைக்கு எடுப்பவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர் முழுசாக, தகப்பன் பெயரோடு இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் அவள் படித்த படிப்பு. சான்றிதழை அவள் செயலாளரிடம் காட்டவே இல்லை. விதைக்கடைக்காரர் மாடிக்கு வந்தபோது பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை சத்தமாக.

பேருந்து நின்றது, கொஞ்ச நேரம் உறுமியது, கிளம்பிப் போனது. இருவரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் அறையைத் திறந்து பார்த்தார்கள். முன்னும் பின்னுமாக இரண்டு கட்டு, நடுவில் ஒரு திரை மாட்டும் கம்பி. அவள் தெருவைப் பார்த்த வாசலோரம் நின்று, காலால் தரையில் கோடு இழுத்துக் காட்டினாள். "என் மேசை இங்க. தேய்க்கிற மிஷினும் இங்கயே. வர்றவங்க பாக்கட்டும்."

"அப்ப உள்ளே யாரு?" என்றார் கணவர்.

"நீங்கதான். வேன் ஓட்டாத நேரத்துல."

அவர் அந்தக் கம்பியைக் கழற்றிச் சுவரோரமாகச் சாத்தி வைத்தார்.