சர்வர் அக்கா

லென்ஸை அரவை மெஷினில் பொருத்திவிட்டு, அது சுற்றி முடிப்பதற்குள் கைபேசியை எடுத்து ஒரே ஒரு புள்ளியை அனுப்புகிறார். எழுத்து இல்லை, படம் இல்லை, வெறும் புள்ளி. எங்கிருந்தோ பதிலுக்கு ஒரு புள்ளி வருகிறது. "பெட்டி ஓடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, லென்ஸை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை அவருடைய ராஜ்யம். முன்னால் கண் சோதித்து, ஃபிரேம் விற்று, பில் போடுகிறவர்கள் வேறு. லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, சிக்கெனப் பொருத்துவது இவர். நாற்பதைத் தாண்டிய, சற்றுக் கனத்த உடம்பு. கொண்டையில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரைச் செருகி வைத்திருப்பார். பிறகு அதைத் தேடி மேசை முழுவதையும் கவிழ்ப்பார். "இங்கதானே வெச்சேன், யாரு எடுத்தா?" என்று அவர் கேட்கும்போது யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னால் அதற்கும் திட்டு விழும். மாதத்துக்கு ஒரு தடவையாவது கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான் என்பதால், அந்தப் பின்னறையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு.

எல்லோரும் அவரை சர்வர் அக்கா என்பார்கள். விவரம் தெரியாதவர்கள், "முன்ன எந்த ஓட்டல்லக்கா இருந்தீங்க?" என்று கேட்டு மாட்டிக்கொள்வார்கள். "நான் பரிமாறுறது சாப்பாடு இல்லப்பா, சேதி" என்பார்.

அவருடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தங்கையின் கணவருக்கும் அப்படியே. ஊரே பயன்படுத்தும் பெரிய செயலி ஒன்றில்தான் இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். கைச்சைகையில் பேசி வீடியோவாக அனுப்புவார்கள். ஒரு நாள் மதியம் அந்தச் செயலி படுத்துவிட்டது. மற்றவர்கள் சலித்துக்கொண்டே ஃபோன் போட்டுப் பேசினார்கள். தங்கை நிறைமாதம். வீட்டில் தனியாக இருந்தபோது பனிக்குடம் உடைந்தது. கணவருக்கு அனுப்பிய வீடியோ நகரவே இல்லை. அவருக்கும் அக்காவுக்கும் சாதாரணக் குறுஞ்செய்தியும் அனுப்பிப் பார்த்தாள். விளம்பரக் குப்பை மட்டுமே வந்து சேரும் அந்தப் பக்கத்தைக் கணவர் திறப்பதையே விட்டிருந்தார். அக்காவும் அப்படித்தான். கடைசியில், ஆஸ்பத்திரியின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு தெருவுக்கு இறங்கி, போன வண்டியை மறித்து, ஓட்டியவரின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறாள்.

"புள்ள நல்லாத்தான் பொறந்துச்சு" என்று அக்கா எனக்குச் சொன்னார். "வேலை முடிஞ்சு வந்த மனுஷன் பூட்டின வீட்டு முன்னாடி நிக்கிறார். பக்கத்து வீட்டம்மா வாயை அசைச்சு அசைச்சுச் சொல்லுது. அவருக்கு ஆஸ்பத்திரிங்கிற வார்த்தை மட்டும்தான் புரிஞ்சுது. பொண்டாட்டி செத்துட்டாளோன்னு நெனச்சுட்டாராம். எவனோ எங்கேயோ சுவிட்சு தட்டினா என் தங்கச்சி நடுத்தெருவுல நிக்கணுமா?"

பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தார். இரவல் புத்தி, இணையத்து வீடியோக்கள், தெரிந்த கணினிக் கடைக்காரரின் பொறுமை எல்லாவற்றையும் உறிஞ்சித் தீர்த்து, சொந்தமாக ஒரு சேதிப் பெட்டியை, அதாவது சர்வரை, வீட்டுப் பரணில் ஓடவிட்டார். முதலில் தங்கையின் குடும்பம் மட்டும். பிறகு தங்கையின் தோழிகள், தோழிகளின் கணவர்கள் என்று காது கேளாதோர் சங்கமே அதில் ஏறிக்கொண்டது. "மத்தவங்க எழுதிப் பேசுவாங்க. எங்காளுங்க வணக்கம் சொல்லவே வீடியோ அனுப்புவாங்க. பெட்டி வீங்காம என்ன செய்யும்?" என்று அலுத்துக்கொள்வார். சங்கத்தில் ஆளாளுக்குக் கொடுத்ததில் கூடுதல் டிஸ்க் வாங்கினார்கள். போதாததைத் தன் சம்பளத்திலிருந்து போட்டார். கடவுச்சொல்லை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. யாராவது கற்றுக்கொள்ள வந்தால், "நீங்க தொட்டா கெட்டுடும், தள்ளுங்க" என்பார். அந்த அதிகாரம் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகுதான் அந்த ஆள் வந்தார். சங்கத்தில் இருந்த தையல்காரப் பெண்ணின் கணவர். அவருக்குக் காது கேட்கும். கடையின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராகப் பின்னறைக்குள் நுழைந்தார். நானும் அன்று இருந்தேன்.

"என் வீட்டுக்காரி யார்கிட்ட என்ன பேசுறான்னு எனக்குத் தெரியணும். உங்க வீட்டு மெஷின்லதானே எல்லாம் இருக்கு? எடுத்துக் காட்டுங்க."

"இருக்கு சார். ஆனா பூட்டியிருக்கு. அனுப்புறவங்க ஃபோன்லயே பூட்டிக்கிட்டு வருது, வாங்குறவங்க ஃபோன்லதான் தெறக்கும்."

"மெஷின் உங்களுது. உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா தன் கைபேசி வழியாகவே பெட்டிக்குள் போய், திரையை அவரிடம் நீட்டினார். எழுத்தும் எண்ணும் குப்பை கொட்டினாற்போல ஓடின.

"இது என்ன பாஷை?"

"எனக்கும் தெரியாது சார். தெரியக்கூடாதுன்னுதான் இப்படி வெச்சிருக்கு."

தன்னைக் கேலி செய்வதாக அவர் நினைத்துவிட்டார். தட்டிலிருந்த லென்ஸ்களைக் கையால் வாரி இறைத்துவிட்டுப் போனார். முதலாளி வந்து, குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம், "இந்த வம்பெல்லாம் வீட்டோட வெச்சுக்கோம்மா" என்றார். அக்கா ஒவ்வொரு லென்ஸையும் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்தார்.

வீட்டோடுதான் வந்தது வினை. இரண்டு நாள் கழித்து அக்கா வேலையில் இருந்தபோது அந்த ஆள் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருப்பதாக அக்காவின் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். மாமியார் ஏணியை எடுத்துக் கொடுத்து, பாவம் வெயிலில் வந்திருக்கிறாரே என்று குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். தண்ணீரைக் குடித்துவிட்டு, பெட்டியை மாடிப்படியிலிருந்து தூக்கி எறிந்தார் அந்த மனிதர். சங்கம் முழுக்க ஒரே நொடியில் ஊமையானது. தையல்காரப் பெண்ணும்தான். அவள் தன் அண்ணனைக் கூப்பிட வேண்டியிருந்த சாயங்காலம் அது, கூப்பிட முடியவில்லை. மறுநாள் வீங்கிய முகத்தோடு நடந்தே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"பெரிய கம்பெனி படுத்ததுக்கு அவ்வளவு பேசினேன்" என்றார் அக்கா. "நானும் அதையேதான் பண்ணி வெச்சிருந்தேன். என்ன, அவங்களது பெரிசு, என்னோடது பரண்ல."

அந்தச் சமயம் பார்த்து, காது மெஷின் விற்கும் கடைக்காரர் ஒருவர் சங்கத்துக்குச் சேதி சொல்லி அனுப்பினார். புதிதாகவே பெரிய மெஷின் வாங்கித் தருகிறேன், என் கடையில் ஏ.சி. அறையில் வைத்துக்கொள்ளுங்கள், மின்சாரம் போனாலும் நிற்காது. பதிலுக்கு உறுப்பினர்களின் பெயரும் நம்பரும் போதும். அக்காவுக்கு வாய் ஊறியது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து, இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார் என்று சைகையில் விளக்கினார். மெஷின் எங்கே இருந்தாலும் பார்த்துக்கொள்ளப்போவது நான்தானே என்றும் சொன்னார்.

எதிர்த்து எழுந்தது தங்கை. இடுப்பில் குழந்தை, அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியானதும் ஆரம்பித்தாள். அக்காதான் அதை எனக்கு வார்த்தையாக்கிச் சொன்னார்.

"அவர் கடையில இருந்தா அது அவர் கடை. ஒன்னும் பெரிசா வேணாம். சின்னச் சின்னதா மூணு வீட்டுல மூணு பெட்டி வைப்போம். ஒன்னு விழுந்தா ரெண்டு நிக்கும். எங்களுக்கும் கத்துக்குடு."

"அப்போ என்னை நம்பலையாடி?" அக்காவின் சைகை அத்தனை பெரிதாக இருந்ததாம், பின்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

"நம்புறோம்க்கா. நம்பி நம்பித்தான் எல்லாரும் உன் ஒருத்தி தலையில ஏறி உக்காந்திருக்கோம்."

அக்கா கூட்டத்தின் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். ஒரு வாரம் தங்கையோடு பேச்சில்லை. நான் போனபோது என்னிடமும் பேசவில்லை. ஃபிரேமை நிமிர்த்திக் கையில் திணித்ததோடு சரி. அடுத்த ஞாயிறு தானாகவே சங்கத்துக்குப் போனார். கடவுச்சொல் என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதிலிருந்து பாடத்தை ஆரம்பித்தார். திட்டாமல் கற்றுக்கொடுக்க அவருக்கு வராது. திட்டுவதற்கும் சைகை இருக்கிறது. அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இப்போது ஒரு பெட்டி அக்கா வீட்டில், ஒன்று தங்கை வீட்டில், இன்னொன்று தையல்காரப் பெண்ணின் அண்ணன் வீட்டில். அவள் அங்கேதான் இருக்கிறாள்; அந்தப் பெட்டிக்குப் பொறுப்பும் அவளே. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சேதி அனுப்பி வாங்க ஒரு பெட்டியில் ஒரு கணக்கு, இன்னொரு வீட்டுப் பெட்டியில் அவசரத்துக்கு ஒரு கணக்கு. செலவைச் சங்கமே பங்கு போட்டுக்கொள்கிறது. இழுபறிதான். கைச்சைகையில் சண்டை நடந்தால் அறை அமைதியாக இருக்கும், காற்றுதான் கிழியும் என்கிறார் அக்கா.

போன வாரம் என் கண்ணாடியின் காதில் மாட்டும் காலை அவர் சூடுபடுத்தி வளைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. தங்கை வீட்டுப் பெட்டி நின்றுவிட்டதாம். அக்கா என் கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டி, கைப்பையைத் தோளில் போட்டு, "முதலாளி கேட்டா வயித்து வலின்னு சொல்லுங்க" என்று வாசல் வரை போய்விட்டார். அதற்குள் தங்கையிடமிருந்து ஒரு வீடியோ, தையல்காரப் பெண்ணின் பெட்டி வழியாக. அக்கா நின்று பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தங்கையின் ஒரு கையில் ஏதோ ஒயர் தொங்கியது. காலியாக இருந்த மறுகையால் மட்டும் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு, படம் முடிவதற்குள்ளேயே வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"வராதேங்கிறா."

பதில் எழுத ஆரம்பித்தார். முதல்ல அதைப் பாரு, அப்புறம் இதைக் கழற்று என்று நீண்டுகொண்டே போனது. நடுவில் விரல் நின்றது. எழுதியதையெல்லாம் ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். தோளிலிருந்த பையைக் கழற்றி, ஆணியில் மாட்டினார்.