ஓட்டல் வாசலில் என் கைகள்

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. எனக்குக் கேட்கும். வாய் பேசுவதற்கு முன்பே நான் சைகையில் பால் கேட்டேன் என்று அத்தை சொல்வாள். பகலில் பள்ளிபாளையத்தில் ஒரு நூல் கடையில் பில் போடுகிறேன். மற்ற நேரங்களில் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பத்திரப்பதிவு அலுவலகம், பெண் பார்க்கப் போகும் வீடு என்று காது கேளாதவர்கள் கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போய் நடுவில் நிற்பேன். அவர்கள் கை சொல்வதை நான் வாயால் சொல்ல வேண்டும். அடுத்தவர் வாய் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும். இடையில் என் கருத்து என்று ஒன்றும் வரக் கூடாது. அப்படித்தான் பழகியிருந்தேன்.

எங்கள் வட்டாரத்துக் காது கேளாதோர் சங்கம் வருடத்துக்கு ஒரு மாநாடு நடத்தும். வழக்கமாகக் கல்யாண மண்டபத்தில்தான். மண்டபம் என்றால் தூண் இருக்கும். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவருக்கு மேடையில் பேசும் கை தெரியாது. அவர் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இதற்காகவே எங்கள் தலைவர் அந்த வருடம் நாமக்கல்லுக்கு வெளியே, சேலம் சாலையில் இருந்த ஒரு பெரிய ஓட்டலின் கூடத்தைப் பிடித்தார். பிடித்த அன்றே அங்கிருந்து எனக்கு வீடியோ காலில் வந்து, போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினார். வெளிச்சமான, நீளமான கூடம். ஒரு தூண்கூட இல்லை. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

தலைவர் ராசிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சைகையில் அவருக்குப் பெயர், மீசையின் ஒரு நுனியை முறுக்குவது. எங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கைப்பெயர் உண்டு.

மாநாட்டுக்கு முந்தைய வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண் வீடு தேடி வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர்.

"ஏனுங்க, கையில பேசறவங்க ஊடு இதுதானுங்களா?"

உட்காரச் சொன்னேன். நான் யாரையும் முதலில் கையைத்தான் பார்ப்பேன். தொழில் பழக்கம். அவர் விரல் நுனிகள் வெடித்து, தோல் உரிந்து கிடந்தன. அந்த ஓட்டலில் ரூம் சுத்தம் செய்பவர் என்று சொன்னார். கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கேதான் வேலை. போன மாசியில் எல்லாரையும் ஒரு காண்டிராக்டர் கீழே மாற்றப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். சங்கத்தில் முன்னால் நின்ற இவரையும் இன்னும் சிலரையும் இனி வர வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்வரை அங்கே யாரும் விசேஷம் வைக்க வேண்டாம் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிறார்கள்.

"ஒரு கல்யாணத்த வேற மண்டபத்துக்கு மாத்திக்கிட்டாங்க. நீங்களும் மாத்திக்கிட்டா எங்களுக்குப் பெரிய தெம்புங்க."

"நான் முடிவு பண்றவ இல்லீங்க. தலைவர்கிட்டக் கூட்டிட்டுப் போறன். நீங்களே சொல்லுங்க."

அன்று மாலையே ராசிபுரம் போனோம். ஜெராக்ஸ் கடையில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் டியூப்லைட்டை இரண்டு முறை அணைத்து ஏற்றினார். எங்கள் கூட்டம் தொடங்குவது அப்படித்தான். அந்த அம்மா பேசினார், நான் கையில் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள், நான் வாயால் சொன்னேன்.

தலைவர் சொன்னது இது: "எங்கள் பையன்கள் எத்தனை ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார்கள் தெரியுமா? மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதிதான் அவர்களுக்கு. எந்தச் சங்கம் வந்து கேட்டது? இன்று உங்களுக்குக் கஷ்டம் வந்ததும் நாங்கள் நினைவுக்கு வந்தோமா?"

"அப்ப எங்ககிட்டச் சங்கமே இல்லீங்களே. நாங்களே இப்பத்தான் எந்திரிச்சு நிக்கறோம்."

"அழைப்பு போய்விட்டது. மாவட்ட அதிகாரி வருவதாகச் சொல்லிவிட்டார். அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்கப் போகிறோம். இந்த ஒரு நாளை விட்டால் அடுத்த வருடம்தான்."

பேச்சு இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இந்த ஊமைங்ககிட்டப் பேசி என்னத்துக்கு ஆகப்போவுது. வாங்க போலாம்."

எனக்கு மட்டும் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். கடையில் இருந்த எல்லாக் கண்களும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாவின் உதடு அசைந்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. என் கை சொல்லிவிட்டது. அந்த வார்த்தைக்கு எங்களிடம் ஒரு பழைய, அசிங்கமான சைகை உண்டு. அதையேதான் போட்டேன்.

அந்த அம்மா என் கையைப் பார்த்தார், பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

"அதயுமா சொன்னீங்க?"

"சொல்லித்தானுங்க ஆகோணும்."

தலைவர் கோபப்படவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, மாநாடு அதே இடத்தில் நடக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் மேலே போயின. பஸ் ஸ்டாண்டுவரை அந்த அம்மாவும் நானும் ஒன்றாக நடந்தோம்.

அதற்குப் பிறகு எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. கோன் நூலுக்கும் சிட்டா நூலுக்கும் பில்லை மாற்றிப் போட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன். என்னைக் கேட்டால், மாநாட்டை வேறு இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும் என்பேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். நடுவில் நிற்பவளுக்கு அபிப்பிராயம் எதற்கு? தலைவருக்கு வீடியோ கால் போடலாம் என்று போனை எடுப்பேன், வைப்பேன். கடை வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மாநாட்டு நாள் காலையில் அப்பா, அம்மாவோடு பஸ் இறங்கி நடந்தேன். பந்தல் தூரத்திலேயே தெரிந்தது. சத்தம் அதற்கு முன்பே கேட்டது. சிவப்புத் துணி கட்டிய மூங்கில் பந்தல், முப்பது நாற்பது பேர், ஒரு மைக், இரண்டு போலீஸ்காரர்கள். "நுழையாதே, நுழையாதே, வேலை பறித்த ஓட்டலுக்குள் நுழையாதே!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் முன்னால் எங்கள் ஆட்கள் ஒருவரோடொருவர் கையால் பேசியபடி சந்தோஷமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்க்கும் சந்தோஷம். மேச்சேரியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் பந்தலில் கூட்டத்தையும் துணியையும் பார்த்துவிட்டு, தங்களை வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து, கும்பிட்டுச் சிரித்தார்கள்.

"சிரிச்சுக்கிட்டே போறானுவ பாரு!" என்று பந்தலில் ஒருவர் கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கமிட்டி யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. அத்தனை பேரில் அந்தச் சத்தம் கேட்டது எனக்கு மட்டும்தான். தலையைக் குனிந்து வேகமாக நடந்தேன்.

அப்பா நின்றுவிட்டார். என் தோளைத் தட்டினார்.

"என்ன சொல்கிறார்கள்?"

சொன்னேன். வேலை போனது, சங்கம், உள்ளே போகாதீர்கள் என்று கேட்பது, எல்லாம்.

"எல்லாருக்கும் சொல்."

"நான் மேடையில் மொழிபெயர்க்க வந்தவள் அப்பா. இங்கே சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

அப்பா என் முகத்துக்கு நேராகக் கையைக் கொண்டுவந்தார். கோபம் வந்தால் அவர் சைகை சின்னதாகிவிடும். "உனக்குக் கேட்கிறதா, இல்லையா? கேட்டால் சொல்."

ஓட்டல் கேட்டின் ஓரத்தில் பூச்செடிக்காகக் கட்டிய சிமெண்ட் திட்டு இருந்தது. அதில் ஏறி நின்றேன். பந்தலில் போடும் ஒவ்வொரு கோஷத்தையும் கையில் சொல்லத் தொடங்கினேன். முதலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களைத் தட்டிக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்களில் சிலரும் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் அடைத்துக்கொண்டது. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

பந்தலிலும் அதைக் கவனித்துவிட்டார்கள். கோஷம் நின்றது. அந்த அம்மா மைக்கை வாங்கினார். என்னைப் பார்த்து, நான் சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். வேலை போன கதையைச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,

"அன்னிக்கு உங்க கமிட்டிக்காரங்க முன்னால கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டனுங்க. நீங்க எல்லாம் பேசறவங்கதான். எனக்குத்தான் உங்க பேச்சுத் தெரியல. தப்புத்தானுங்க," என்றார்.

சொன்னேன். அப்பா கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டார். யாரோ மைக்கை என் வாய்க்கு நீட்டினார்கள். அப்பாவின் பேச்சு ஒலிபெருக்கியில், என் குரலில், அந்தச் சாலை முழுக்கக் கேட்டது:

"உங்கள் சங்கத்தில் காது கேளாதவரைச் சேர்ப்பீர்களா?"

அந்த அம்மா மைக்கை மறுபடி வாங்கிக்கொண்டார். "வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டோமுங்க. ஆனா இத்தன நாளா அத நெனச்சுப் பாத்ததில்லீங்க, நெசமாலுமே," என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அதற்குள் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"இங்கே யார் உன்னை மொழிபெயர்க்கச் சொன்னது? இறங்கு."

"கேட்டார்கள், சொன்னேன்."

"என் ஆட்களைக் கலைத்துவிட்டாய். அதிகாரி வரும்போது காலி நாற்காலியையா காட்டுவேன்?"

வாக்குவாதம் கூட்டம் முழுக்கப் பரவியது. நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் சண்டை போட்டன. போலீஸ்காரர் ஒருவர், "என்னம்மா, அடிச்சுக்கப் போறாங்களா?" என்று என்னிடம் கேட்டார். பேசுகிறார்கள் என்றேன். அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. பாதிப் பேர் தலைவரோடு உள்ளே போனார்கள். பாதிப் பேர் சாலையைத் தாண்டிப் பந்தலுக்குப் போனார்கள். அம்மா தன் தோழிகளோடு உள்ளே போனாள். அப்பா பந்தலுக்குப் போனார். நான் திட்டிலிருந்து இறங்கி, மேடைக்குப் போனேன். அதிகாரிக்கு மொழிபெயர்க்க என்னைத் தவிர ஆள் இல்லை.

கூடம் தலைவர் போனில் காட்டியபடியே இருந்தது. எங்கிருந்து பார்த்தாலும் மேடை தெரிந்தது. காலி நாற்காலிகளும் தெரிந்தன. அதிகாரி அரசுத் திட்டங்களைப் பற்றிப் பேசினார், என் கை ஓடியது. காது மட்டும் வெளியே இருந்தது. கோஷம் மறுபடி தொடங்கவில்லை. ஏன் தொடங்கவில்லை? அங்கே யார் அவர்களுக்கு நடுவில் நிற்கிறார்கள்? அதிகாரி சொன்ன ஒரு திட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று.

பிறகு தலைவர் எழுந்தார். பிரசவ வலியில் கிடந்த தன் மனைவியிடம் நர்ஸ் கத்தியது, அவளுக்கு ஒன்றும் விளங்காமல் பயந்து கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தது, குழந்தை இறந்து பிறந்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டியது, எல்லாவற்றையும் சொன்னார். அத்தனை வருடமாக அவரைத் தெரிந்த எனக்கு அது தெரியாது. அவர் கை சொன்னதை நான் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "என் மனைவி," "என் குழந்தை" என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் அந்த அம்மா சொன்னதிலும் பொய் இல்லை, இங்கே தலைவர் கேட்பதிலும் தப்பு இல்லை. இரண்டையும் ஒரே காலையில் சொன்னவள் நான்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பந்தலுக்கு ஓடினேன். எல்லாரும் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் எழுதிக் காட்டியும், விரலால் காட்டியும் எப்படியோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அதற்குள் கைப்பெயர் வைத்திருந்தார்கள்: படுக்கை விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவது. அவரே என்னிடம் செய்து காட்டி, "இது நானாமுங்க," என்றார்.

அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியபோது ஒரு வேலைநிறுத்தம் வந்ததாம். எல்லாரும் வெளியே வந்தார்கள், இவரும் வந்தார். நாள்கணக்காகப் பட்டறை வாசலில் உட்கார்ந்தார். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் கையை ஆட்டிச் 'சும்மா உட்கார்' என்றார்கள். முடிந்து உள்ளே போன பிறகு, சம்பளம் கூடியதைப் பார்த்துத்தான் இவருக்கு விஷயம் புரிந்ததாம்.

"நானும் போராடினேன்," என்றார். "ஆனால் எனக்குத் தெரியாது."

நான் பிறந்ததிலிருந்து அவரோடு இருக்கிறேன். இதை அவர் அன்றைக்கு முன் சொன்னதில்லை.

மாலைக்குள் மாநாடு ஒருவழியாக முடிந்தது. ஓட்டல் தகராறு பின்னால் பேச்சுவார்த்தையில் தீர்ந்தது. வெளியே நிறுத்தியவர்களில் சிலரைத் திரும்ப எடுத்தார்கள், அந்த அம்மாவை எடுக்கவில்லை. அவர் இப்போது நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிறார். ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்ப்பாளர் போட்டார்கள், வாரத்தில் ஒரு நாளுக்கு மட்டும். மற்ற நாளில் வலி வந்தால் என்ன செய்வது என்று தலைவர் இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வருட மாநாடு திருச்செங்கோட்டில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைக்குத் தலைவர் சேலத்திலிருந்து வேறொரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தார். நான் அப்பா, அம்மாவோடு பார்க்கத்தான் போனேன். அந்தப் பெண் நன்றாகவே செய்தாள். தலைவர் என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேறு பக்கம் போனார். எங்களுக்குத் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு மேடை தெரியவில்லை. நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பி, மேடையில் நடப்பதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தூணுக்குப் பின்னால் இருந்த மற்றவர்களும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.