உழுந்துக்குள் முளைத்த வேலி

மாரி தொடங்கிவிட்டால் ஆண்டியப்பன் விடிந்ததும் தன் உழுந்துக் காணிக்குள் இறங்கி, கோடு கிழித்ததுபோல நேரே நடப்பார். இரண்டடிக்கு ஒருமுறை குனிவார். எதையோ நகத்தால் கிள்ளிச் சாரத்து மடியில் போட்டுக்கொள்வார். அந்தக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு புல் நின்றாலும் தொடமாட்டார்.

களை பிடுங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவர் தவறவிட்ட ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பூவரசந் துளிர். அதன் அடியில், மண் மட்டத்தோடு வெட்டிய பழைய வேலிக் கதியால், உயிரோடு நடும் பூவரசங் கட்டை. வேலி முன்பு அங்கேதான் நின்றிருக்கிறது. கோடையில் அதை நாலடி தள்ளி, பக்கத்துத் தங்கம்மாவின் காணிக்குள் நட்டுவிட்டார். மண்ணுக்குள் கிடந்த கட்டைகள் மழை கண்டதும் பழைய எல்லையைச் சொல்லத் தொடங்கிவிட்டன.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "அந்த மனிசன் நிண்டாலும் அவரின்ரை வேலி நிக்காதடா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பிரமிப்புத்தான் வந்தது. ஒரு மனிதன் தினமும் காலையில் தன் களவைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்!

எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஒரே லொறியில் ஓமந்தைப் பக்கம் வந்து இறங்கியவர்கள் ஆண்டியப்பனும் தங்கம்மாவும். அவரிடம் ஒரு தகரப்பெட்டியும் மண்வெட்டியும். புருசனை இழந்த தங்கம்மாவிடம் இரண்டு பெண் பிள்ளைகள். காட்டை வெட்டிக் கொளுத்திக் காணியாக்கினார்கள். ஏழே வருசத்தில் ஆண்டியப்பனுக்குக் கல்வீடு, உழவு மெசின். "ஏய் ஆண்டி" என்று கூப்பிட்ட வாய்களே "முதலாளி" என்றன. தங்கம்மாவின் ஒரு ஏக்கர் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது.

எண்பத்துநாலு கார்த்திகையில், காடு வெட்டியவர்களுக்குப் பெர்மிட் கொடுக்கக் காணி உத்தியோகத்தர் வந்தார். எங்களுடையது உறுதி எழுதிய சொந்தக் காணி, நாங்கள் வேடிக்கை பார்த்தோம். "மற்றவையின்ரை நிலத்தில ஒரு அடி பிடிச்சிருந்தாலும் பெர்மிட் இல்லை. காணியை விட்டு எழும்ப வேண்டியதுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆண்டியப்பன் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தார். பத்து நாளும் மழை. உழுந்துக்குள் முழங்கால் உயரத்துக்குப் பூவரசு வரிசைகட்டி நின்றது.

"இதென்ன ஐசே, உழுந்துக்குள்ள வேலி முளைச்சிருக்கு?" என்றார் உத்தியோகத்தர்.

ஆண்டியப்பனின் கண் இமைக்கவில்லை. "பழைய மாட்டுப்பட்டிங்க ஐயா. வந்த புதுசுல கட்டுனது."

"உம்மடை மாடெல்லாம் ஒரே வரிசையிலயோ படுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். உத்தியோகத்தர் தங்கம்மாவிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா. உங்கடை எல்லை எது?"

சிரிப்பு நின்றது. அந்தப் பெண்ணின் ஒரு சொல்லில் கல்வீடும் மெசினும் முதலாளிப் பட்டமும் போய்விடும்.

"இப்ப இருக்கிற வேலிதாங்க எல்லை" என்றார் தங்கம்மா. "அண்ணன் சொல்றது சரிதான். அந்தப் பட்டியில நானே சாணி அள்ளியிருக்கேன்."

அங்கேயே இருவருக்கும் பெர்மிட் எழுதப்பட்டது. ஆண்டியப்பன் கும்பிட்ட கையோடு, "தங்கச்சி..." என்றார்.

"போங்கண்ணே, காய்ச்சலோட ஈரத்துல நிக்காதீங்க."

"அவா மனிசியில்லை, தெய்வம்" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன். தன் நிலம் போவதைப் பார்த்துக்கொண்டே, ஒரு லொறியில் வந்த பாவத்துக்காகப் பொய் சொன்ன அந்தக் குரல் எனக்குள் நாலு வருசம் இருந்தது.

எண்பத்தெட்டில் அக்காவின் சீதனத்துக்காக எங்கள் காணியை அளந்தோம். தங்கம்மா பக்கம் ஐந்தடி குறைந்தது.

அப்பா நம்பவில்லை. எந்த மாரியிலும் அந்தப் பக்கம் ஒரு துளிர் முளைத்ததில்லை. அம்மாவுக்குத்தான் பிறகு நினைவு வந்தது. எண்பத்துமூன்றில் அப்பாவின் சத்திரசிகிச்சைக்காக இரண்டு மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். திரும்பி வந்தபோது தங்கம்மா எங்கள் வேலியையும் சேர்த்துப் புதிதாக அடைத்திருந்தார். "நோயாளியோட வந்திருக்கீங்க, வெறகுக்கு எங்க போவீங்க?" என்று ஒரு பெரிய விறகுச்சுமையைத் தலையில் சுமந்துவந்து குசினியில் இறக்கினார்.

எல்லாம் காய்ந்த பூவரசு. வெட்டியதல்ல, வேரோடு பிடுங்கியது. பத்து நாள் அதில்தான் சோறு வடித்தோம்.