கயிற்றில் தொங்குபவனின் சூடு

கனடாவின் எட்மண்டனில் குளிர் எலும்பைத் துளைக்கும் ஜனவரி மாதத்தில் டோரீன் யாசின்ஸ்கிக்கு நேர்காணல் வந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக, பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் அவள் இயற்பியல் நடத்திவந்த அதே பல்கலைக்கழகத்தில் ஒரு நிரந்தர வேலை. ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. இதை விட்டால் வேறு கிடையாது.

சஸ்காட்சுவான் கோதுமைப் பண்ணையிலிருந்து படிக்க வந்தவள். கீத் ஆல்டர்சனும் அவளும் அப்போது ஒரே அறையில் ஆராய்ச்சி செய்தார்கள். ஒருநாள் டோனட் கடையில் காப்பிக்கு நிற்கும்போது அவளுக்குப் பொறி தட்டியது. கருந்துளையின் விளிம்புக்கு மேலே ஒருவன் கயிற்றில் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழாமலிருக்க, ஈர்ப்பை எதிர்த்து அவனை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இழுப்பினால் வெற்றிடமே அவனுக்குச் சுடும். கயிற்றை விட்டு விழுபவனுக்கோ அந்தச் சூடு தெரியாது. இது இயற்பியல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுழலும் கருந்துளையில் அந்தச் சூட்டைக் கணக்கிட ஒரு குறுக்குவழி அன்று அவளுக்குப் பிடிபட்டது.

கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். யார் வியர்வை சிந்தினாலும் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில்தான் வரும், அது அவர்கள் தொழில் வழக்கம். அதை நியாயம் என்பவர்கள் பெரும்பாலும் 'ஏ'யில் தொடங்கும் பெயர்க்காரர்கள். ஆல்டர்சன் முன்னே, யாசின்ஸ்கி பின்னே. கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு இரண்டு பெயரையும் எழுதச் சோம்பல். நாளடைவில் அது வெறும் 'ஆல்டர்சன் முறை' ஆயிற்று.

நேர்காணலில் குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தவன் கீத். புதிதாகச் சேர்ந்த இளம் பேராசிரியர் கேட்டார்: "ஆல்டர்சன் முறையில உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டுரை இருந்தது. கடைசிப் பக்கம் வரை யார் படிக்கிறார்கள்? டோரீன் கீத்தைப் பார்த்தாள். அது அவளுடையது என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். அவனோ காப்பிக் கோப்பையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் எதிரிலேயே 'என்னுடையது' என்று கேட்டு வாங்க அவளுக்கு நா எழவில்லை. முறையை விளக்கினாள்.

"ரொம்பத் தெளிவா நடத்துறீங்க!" என்றார் இளையவர்.

அந்தப் பாராட்டே குழி பறித்தது. நல்ல ஆசிரியை, சொந்தச் சரக்கு இல்லை என்று முடிவாயிற்று.

"நீயே சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன், டோரீன்," என்றான் கீத், நடைபாதையில். "நான் சொன்னா வேண்டியவளுக்குச் சொல்ற மாதிரி ஆயிருக்கும்."

"இத்தனை வருஷமா உன் பேரை மட்டும் சொன்னாங்களே, அது உறுத்தலையா?"

"வழக்கம் அப்படி. நானா வச்சேன்?"

தோளைத் தட்டிவிட்டு, குளிரில் இன்ஜின் உறையாமலிருக்கத் தன் காரில் செருகியிருந்த மின்கம்பியைப் பிடுங்கப் போனான். அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்த தன்னை இன்னும் பலமாக.

செப்டம்பரில் பழையபடி ஒப்பந்தம், பழைய வகுப்பு. கயிற்றில் தொங்குபவனை வரைந்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்படிச் சுட்டா, கயித்தை விட்டுட வேண்டியதுதானே?"

"விடலாம்," என்றாள் டோரீன். "மேல பிடிச்சிருக்கிறவன் நம்ம ஆளாச்சே, என்னைக்காவது இழுத்துடுவான்னு நம்பித் தொங்குறான்."

வகுப்பு சிரித்தது. அவள் திரும்பி, பலகையில் பாடத்தின் தலைப்பை எழுதினாள்: ஆல்டர்சன் முறை.