அலுமாரிக்கு அடியில் ஒரு வேதக்காரப் பூனை

நேற்றுப் பக்கத்துக் கோயிலில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் வீட்டுப் பூனை உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. நான் விளக்குமாற்றோடு போனேன். மகள் கைத்தொலைபேசியில் எதையோ வாசித்துக்கொண்டே, "அப்பா, குத்தாதேங்கோ. அதுவா வரும்வரைக்கும் விடட்டாம்" என்றாள். இந்தக் காலத்தில் பூனையின் மனநிலைக்கும் ஆலோசனை கிடைக்கிறது. ரூபி வந்த காலத்தில் எங்களிடம் விளக்குமாறு மட்டும்தான் இருந்தது.

ரூபி எங்கள் பூனையல்ல. நீர்வேலியில் எங்களுக்கு அடுத்த வளவில் தனியாக இருந்த ரீச்சரின் பூனை. ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், வேதக்காரர். எங்கள் பக்கத்தில் வேதம் என்றால் முதலில் பைபிள்தான். மற்ற நான்கும் பிறகு. நாங்களோ மீன் மச்சம் வாசற்படி ஏறாத சைவம். ரீச்சரைச் சத்திரசிகிச்சைக்காகத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள் என்றதும் ரூபியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தோம். சாக்கை அவிழ்த்ததுதான் தாமதம், என் தகப்பனாரான ஐயாவின் அலுமாரிக்கு அடியில் பாய்ந்துவிட்டது.

அம்மா பால் வைத்தார். ஐயா விளக்குமாற்றால் குத்தினார். நான் குப்புறப் படுத்து டோர்ச் அடித்தேன். ஒவ்வொரு உதவிக்கும் பூனை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அலுமாரிக்கு அடியில் அவ்வளவு இடம் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

கந்தசஷ்டி விரதம் வேறு. அப்படியிருந்தும் என்னைக் குருநகருக்கு மீன் வாங்க அனுப்பியது விரதகாரரான ஐயாதான். "கோயில் வீதியாலை வராதை" என்பது மட்டும் நிபந்தனை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வளவுக் கோடியில் மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்டி அவித்தார். ரூபி அதையும் தொடவில்லை. எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத மனுஷிக்கு அந்தப் பூனை ஒன்றுதான். சுகமாகி வருகிறவரிடம் செத்த பூனையையா கொடுப்பது?

ஆஸ்பத்திரிக்குப் போன அம்மாவுக்குப் பொய் வரவில்லை.

"ஒண்டும் சாப்பிடுதில்லை ரீச்சர்."

"ஜெபம் பண்ணினனீங்களோ? எங்கடை வீட்டிலை ஆமென் சொல்லாமல் ஒருத்தரும் வாய் வைக்கிறேல்லை."

இதைக் கேட்டு ஐயா கொதித்துப்போனார். "பூனையைச் சாட்டி எங்களை வேதத்திலை சேர்க்கப் பாக்கிறா. அதுவும் சஷ்டியிலை!"

அடுத்த நாள் மத்தியானம் அவர் எங்களை வெளியே விட்டு அறைக்கதவைச் சாத்தினார். நான் யன்னலால் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு, முன்னால் மீன் கோப்பை. சம்மணம் கட்டி இருந்து, கதவை இரண்டுதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, கடையில் பருப்பு விலை கேட்கும் குரலில், "ஆமென்" என்றார்.

முதலில் மூக்கு வந்தது. பிறகு பூனை வந்தது.

ஆமெனுக்கு வந்ததா, ஒருவரும் குத்தாத அறையைக் கண்டு வந்ததா? மகளிடம் கேட்டால் இரண்டாவது என்பாள். ஐயா சோதித்துப் பார்க்க விரும்பவில்லை. ரீச்சர் வரும்வரை நேரம் தவறாமல் சொன்னார். "முருகனுக்கு விளங்கும்" என்று அம்மாவுக்குச் சமாதானம்.

ரீச்சர் வந்து பூனையைத் தூக்கிக்கொண்டு, "ஆர் ஜெபம் பண்ணினது?" என்று கேட்டார். அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா வாழைக்குலையைப் பார்த்தார். ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வருடங்கள் கழித்து ரீச்சர் காலமானார். தேவாலயத்தில் பத்துப்பேர்கூட இல்லை, சொந்தமெல்லாம் வெளிநாட்டில். போதகர் ஜெபித்து முடித்தபோது முதலில் ஆமென் சொன்னது கடைசி வாங்குப் பலகையில் திருநீற்றோடு இருந்த ஒருவர். சொன்ன கையோடு வெளியே போய் நின்றுவிட்டார்.

இப்போது ரீச்சரின் வளவில் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரின் மதில் எழும்பியிருக்கிறது. அந்தப் பக்கம் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று இந்தப் பக்கம் தெரியாது. ஐயாவும் இல்லை. நேற்று நான் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு மெஷினுக்கு முன்னால் சம்மணம் கட்டினேன்.