விதைத் தினையும் வாலாட்டியும்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குச் சாம்பல் வாலாட்டி வந்துவிடும். மஞ்சள் வயிறும் ஓயாமல் ஆடும் வாலுமாக, இமயமலைப் பக்கமிருந்து கொல்லிமலை வரை பறந்து வந்து, எங்கள் சோப்புத் தண்ணீரில் பூச்சி பொறுக்கும். இந்த ஆண்டு மார்கழி வந்தும் அதைக் காணவில்லை. வழியில் புயலோ, பருந்தோ, என்ன ஆயிற்றோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை.

"பையன் போன் பண்ணலீன்னாக்கூட நீ இப்படித் தவிக்க மாட்டே" என்றார் வீட்டுக்காரர். உண்மைதான். பையனுக்கு பஸ் இருக்கிறது.

கொய்யா மரத்தில் தட்டு கட்டித் தினை போடுவேன். தினைக்குருவிகள் கூட்டமாக வரும். வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரி விதைக்கென்று விட்டிருந்த தினைக்கதிர்கள் முற்றித் தலைசாய்ந்து நின்றன. மகளுக்குப் பிரசவ வலி என்று மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கக்கா, நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் குருவி ஓட்டுங்க. இந்த வெதை போச்சுன்னா அடுத்த வருசத்துக்கு எங்கிட்ட வேற இல்லீங்க."

திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை. தலையாட்டிவிட்டேன். அவள் பஸ் ஏறியதும் தட்டில் தினை போடுவதை நிறுத்தினேன். தீனி இல்லாவிட்டால் குருவிகள் இந்தப் பக்கமே வராதல்லவா? பெரிய புத்திசாலி நான்! மறுநாள் காலை வந்த கூட்டம் காலித் தட்டைச் சுற்றிக் கீச்சிட்டுவிட்டு, நேராக வேலியைத் தாண்டிக் கதிரில் இறங்கியது. இத்தனை நாள் அவற்றை இந்தப் பக்கம் நிறுத்தி வைத்ததே அந்தத் தட்டுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாகத் தினையை அள்ளிப் போட்டேன். கதிரில் ருசி கண்டவை திரும்பியே பார்க்கவில்லை.

தட்டை அவிழ்த்துக்கொண்டு, கரண்டியோடு வேலிக்கு ஓடினேன். கையை ஓங்கும்போது துவைக்கிற கல்லில் ஏதோ ஆடியது. வால்! வந்துவிட்டது, இளைத்துப்போய். சத்தம் போட்டால் அது போய்விடும். போடாவிட்டால் விதை போய்விடும். கண்ணெதிரே கதிர்கள் ஆடிக்கொண்டிருந்தன.

தட்டினேன். கத்திக்கொண்டே தட்டினேன். தினைக்குருவிகள் எழுந்தன. வாலாட்டியும் எழுந்து, கூரையைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் போனது. அழுகை வந்தது. ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை.

சுகப்பிரசவம் என்ற சேதியோடு அவள் திரும்பி வந்தாள். நேரே தினைக்காட்டுக்குள் போய் ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்தாள்.

"ஓரத்துலதானுங்க கொஞ்சம் போயிருக்குது, வெதைக்குக் குறையில்லீங்கக்கா. தீனி போடற கை உங்களுது, நீங்க போன்னு சொன்னா குருவி கேக்குமின்னுதான் உங்களைக் கேட்டேன்."

"கேட்டுச்சு கண்ணு," என்றேன். "எல்லாமே கேட்டுச்சு."

காலையில் கல்லில் ஊற்றி வைத்த தண்ணீர் அதற்குள் காய்ந்திருந்தது. இன்னொரு குடம் எடுத்துப் போனேன்.