மூன்றாவது வெடி

“ஒருக்கா வந்து பாக்கிறன். பாத்திட்டு நான் வேண்டாம் எண்டா வேண்டாம்தான். பிறகு அதைப் பற்றிக் கதைக்கப்படாது” என்று என் மனைவி முதல்நாளே சொல்லிவிட்டாள். அடுத்தநாள் எங்கள் வீடு இருக்கும் ரோவிலில் இருந்து துவக்குச் சுடுகளத்துக்கு ஒரு மணித்தியாலம் காரில் போனோம்.

பின் சீட்டில் என் தொப்பி கிடந்தது. ஸ்பிரிங்வேல் கடையொன்றில் வாங்கிய அகலத் தொப்பி. பழைய காலத்து அமெரிக்க மாட்டுக்காரர் மாதிரி உடுத்து, அந்தக் காலத்துத் துவக்குகளால் இரும்புத் தகடுகளைச் சுடுகிற விளையாட்டு எங்களுடையது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். ஆனால் பிடித்துப்போயிற்று. சில மாதங்களாக எங்கள் சுடும் கழகத்தின் ரிவோல்வரை இரவல் வாங்கிச் சுட்டேன். இனிச் சொந்தமாக ஒன்று வாங்கலாம். வாங்கினால் அதை வைக்க, பூட்டும் திறப்புமாக ஒரு இரும்புப் பெட்டியை வீட்டுக் கராஜில் பொருத்த வேண்டும். அதற்குத்தான் அவளுடைய சம்மதம் வேண்டியிருந்தது.

நான் சின்ன வயதிலேயே ஊரை விட்டு இங்கே வந்துவிட்டவன். துவக்கு எனக்குப் படத்தில் பார்த்த பொருள். ஊரில், சண்டைக் காலத்தில், அவளுடைய தமையனைத் துவக்கோடு வந்தவர்கள் வீட்டு முற்றத்தில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவளிடம் கேட்டேன். என் ஆசை அவ்வளவு வெட்கங்கெட்டது.

இந்த ரிவோல்வருக்குத் தோட்டா கிடையாது. எல்லாவற்றையும் கையால்தான் போட வேண்டும். சுழலும் உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் அளந்து கருமருந்து, அதன்மேல் ஈயக்குண்டு, குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் இறுக்கி அமத்தல், மேலே நெருப்புப் பாயாமல் கொழுப்பு. கடைசியில், அறையின் பின்பக்கம் நெருப்புப் பற்றவைக்கும் சின்னச் செப்பு மூடி. ஐந்தை நிரப்பி ஆறாவதைப் பாதுகாப்புக்காக வெறுமையாக விடுவோம். சமையல் மாதிரித்தான், உப்பு மறந்தால் திரும்பப் போட முடியாது என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது அறைக்கு வந்தபோது அடுத்த மேடையில் யாரோ படபடவென்று சுட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். மனைவி பார்வையாளர் கயிற்றுக்குப் பின்னால், காதுக் கவசத்துக்கு மேலால் இரண்டு கைகளையும் வைத்து அமத்திக்கொண்டு நின்றாள். கண் மூடியிருந்தது. மறுபடி திரும்பிக் குண்டை வைத்து அமத்தினேன். அது வழமையை விட ஆழமாக இறங்கியதை என் கை கவனித்திருக்க வேண்டும். கை என்னோடு இல்லை.

என் முறை வந்தது. பக்கத்தில் டைமர் பிடித்தபடி, அன்றைய நடுவரான ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் நின்றார். டைமர் கத்தியது. முதல் வெடி, தகடு ணங் என்றது. இரண்டாவதும் ணங். கருமருந்துப் புகை முகத்தை மூடியது. அந்தப் புகையில் தகடு தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் பட்டதா இல்லையா என்று அறிய வேண்டும். மூன்றாவதுக்கு விசையை இழுத்தேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது.

நாலாவதுக்காகத் துவக்கின் பின்பக்கச் சுத்தியலை இழுக்கப் பெருவிரல் ஏற்கெனவே அதில் ஏறிவிட்டது. நேரம் ஓடுகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள், அவள் பார்க்கிறாள். தொடர்ந்து சுட்டால் நான் கெட்டிக்காரன். ஆனால் குண்டு குழலுக்குள் சிக்கியிருந்தால் அடுத்த வெடியில் குழலே பிளக்கலாம். விரலை எடுத்தேன். துவக்கைத் தகடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்க்க அசையாமல் பிடித்துக்கொண்டு இடக்கையை உயர்த்தினேன்.

“அப்படியே நில்லு” என்றார் பிளம்பர் ஆங்கிலத்தில். பிந்தி வெடிக்கவும் கூடும் என்பதால் காத்திருக்க வேண்டும். அரை நிமிடம்தான். பிறகு அவர் உருளையைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டார். கம்பி பாதியில் நின்றது.

“மருந்து போட மறந்திட்டாய். மூடியின் வெடிதான் குண்டைத் தள்ளியிருக்கிறது” என்றார். என் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள். “என்ன நடந்தது? துவக்கில பிழையோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். இரவல் துவக்கு, பழசு, புதிது வாங்கினால் சரி என்று பெட்டிக் கதைக்கே வழி பண்ணியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் இருந்தது.

“துவக்கில இல்லை, என்னில. உம்மைத் திரும்பிப் பாத்ததில மருந்து போட மறந்திட்டன்.”

காரைப் பெருந்தெருவில் ஏற்றினேன். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“அண்ணையைக் கொண்டுபோகேக்க அம்மா எவ்வளவு குளறி அழுதவ” என்றாள் பிறகு. “துவக்கு வைச்சிருந்தவன் ஒருத்தனும் அதுக்காக நிப்பாட்டேல்லை. துவக்கைப் பிடிச்சிருக்கிற ஒரு ஆள் தானா நிப்பாட்டிக் கையைத் தூக்கினதை நான் இண்டைக்குத்தான் பாத்தனான்.”

சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது, நான் காரை எடுக்கவில்லை. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தான்.

“எடுங்கோ” என்றாள். “பெட்டியைக் கராஜில பூட்டுங்கோ. பெட்டித் திறப்பு மட்டும் என்ர கண்ணில படக்கூடாது.”